பதின்மூன்றாம் மாதம்

நம் பஞ்சாங்கக்காரர்கள் மாதங்களை அளந்த விதமே ஒரு தனி அழகு. ஆனி மாதத்துக்கு 32 நாள் வரைக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். மார்கழியை 29 நாளிலேயே முடித்துவிடுவதும் உண்டு. சூரியன் ஒரு ராசியைக் கடக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறானோ, அத்தனை நாள் அந்த மாதம். சந்திரனை நம்புகிறவர்களுக்கு இருபத்தொன்பதரை நாள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த காலண்டரில் 30 அல்லது 31. பிப்ரவரிக்கு மட்டும் ஏதோ சாபம். ஆனால் சூரியனும் சொல்லாமல், சந்திரனும் சொல்லாமல், வருஷம் முழுவதும் 28 நாளே கொண்ட மாதம் ஒன்று நம் வீடுகளுக்குள் புகுந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. அதை நமக்கு வகுத்துக் கொடுத்தவர்கள் செல்போன் கம்பெனிக்காரர்கள்.

365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். பதின்மூன்று தடவை போய் ஒரு நாள் மிஞ்சும். மாதா மாதம் ரீசார்ஜ் செய்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாஸ்தவத்தில் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை பணம் கட்டுகிறோம். சம்பளமோ பென்ஷனோ பன்னிரண்டு தடவைதான் வருகிறது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு உரியதல்ல. கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு உரியது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் 34 வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். பெரியப்பா 2015இல் காலமாகிவிட்டார். ஒரே மகள் மெல்பர்னில் இருக்கிறாள். மகாமகக் குளத்துக்குச் சமீபத்தில், திண்ணை வைத்த பழைய வீட்டில், பெரியம்மாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் வசித்து வருகிறார்கள். பால், பேப்பர், கேஸ், மருந்து, திண்ணையில் வந்து உட்காரும் பூக்காரம்மாவுக்குக் கொடுப்பது - எல்லாம் அதில் தேதிவாரியாக ஏறிவிடும். வருஷக் கடைசியில் கூட்டல் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டுத்தான் மறு காரியம் பார்ப்பார்.

2024 தீபாவளிக்கு நான் போயிருந்தபோது, பட்சணத் தட்டுக்கு முன்னால் அந்த நோட்டு வந்தது.

"தம்பி, வருஷத்துக்கு எத்தனை மாசம்?"

"பன்னிரண்டு, பெரியம்மா."

"நானும் 34 வருஷம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இதைக் கொஞ்சம் எண்ணிப் பாரு."

'செல்போன்' என்ற தலைப்பின் கீழ் பதின்மூன்று வரிகள் இருந்தன. மொத்தம் மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். கடைசி நாலு வரிகளில் தொகை பெரிதாகியிருந்தது. அந்த வருஷம் ஜூலை மாதம் மூன்று பெரிய கம்பெனிகளும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தியது உங்களுக்கு நினைவிருக்கும்.

"இந்த டச்சு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையபடி பட்டன் போனுக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?" என்றார்.

கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த டச்சு போனில்தான் மெல்பர்ன் பேரன் தெரிகிறான். அவனுக்கு முன்பல் விழுந்ததையும் திரும்ப முளைத்ததையும் பெரியம்மா அதில்தான் பார்த்தார். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை, முகத்தைக் காட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே நிரூபிக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. அதுவும் இந்தப் போனில்தான். வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மிச்சம் பிடிப்பதற்காக இவ்வளவையும் விட்டுவிடுவதா? விடவும் வேண்டாம், வீணாகக் கொடுக்கவும் வேண்டாம் என்றால் என்ன வழி? தீபாவளி விடுமுறை நாலு நாளும் எங்களுக்கு இதே வேலையாகப் போயிற்று.

முதல் நாள் காந்தி பார்க் பக்கம் ஒரு ரீசார்ஜ் கடைக்குப் போனோம். கடைப் பையன் நல்ல பையன். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் ஒப்பித்தான்.

"299 போடுங்க பாட்டி. டெய்லி ஒன்றரை ஜி.பி. அன்லிமிடெட்."

"ஒன்றரை என்று அளவு சொல்கிறாய். உடனே அளவே இல்லை என்கிறாய். எது சரி?"

"கால் பேசறது அன்லிமிடெட் பாட்டி. நெட்டு டெய்லி ஒன்றரை."

"அதில் நான் கால் ஜி.பி. செலவழித்தால் பாக்கி?"

"ராத்திரி 12 மணிக்குப் போயிடும். மறுநாள் புதுசா ஒன்றரை வரும்."

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தில் மிஞ்சிய பாலை நடுராத்திரியில் ஒருவன் வந்து கொட்டிவிட்டுப் போவானானால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனின் செட்டிங்ஸைத் திறந்து டேட்டா உபயோகம் என்ற இடத்தைக் காட்டினேன். எந்த மாதத்தில் எவ்வளவு, எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று அங்கே நயா பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்காத வரையில் கடைக்காரன் சொல்வதுதான் நம் தேவை. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதற்கு முந்தைய 28 நாளில் அவர் செலவழித்தது 1.7 ஜி.பி. கம்பெனி அவருக்கு அளந்தது, நாளைக்கு ஒன்றரை வீதம், 42 ஜி.பி. நூற்றுக்கு நாலு பங்கு உபயோகித்துவிட்டு நூறு பங்குக்கும் விலை கொடுத்திருக்கிறார்!

இந்தியாவில் டேட்டா உபயோகிக்கும் ஒருவர் சராசரியாக மாதம் 20 ஜி.பி.க்கு மேல் செலவழிப்பதாக டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, சில மாதங்களுக்கு எல்லாவற்றையும் இலவசமாக வாரி இறைத்ததிலிருந்து தேசத்துக்கு அப்படி ஒரு பசி ஏற்பட்டிருக்கிறது. அந்தப் பசிக்குத் தகுந்தபடி இலை போடுகிறார்கள். நடுவில் பத்தியச் சாப்பாட்டுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் அதே இலைதான், அதே விலைதான்.

அந்த 1.7 எங்கே போயிற்று என்று பெரியம்மா விடவில்லை. பெரும்பங்கு வாட்ஸ்அப். பேரனோடு பேசுவதைக் கணக்கிட்டோம். முகம் பார்த்துப் பேசினால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 எம்.பி. ஆகும். வாரம் 20 நிமிஷம் என்றால் 100 எம்.பி.; நாலு வாரத்துக்கு 400. கடிதம் மாதிரி எழுதி அனுப்புவதெல்லாம் கணக்கிலேயே சேராது. வருஷம் முழுவதும் எழுதினாலும் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆகும் செலவு ஆகாது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? உறவினர் குரூப்பிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர் குரூப்பிலும் விடியற்காலை நாலு மணி முதல் வந்து இறங்கும் ரோஜாப்பூக்களிலும், தீபம் அசையும் வீடியோக்களிலும், 'படித்ததும் பத்துப் பேருக்கு அனுப்பவும்' வகையறாக்களிலும் போயிற்று. இவர் திறந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவை தாமாகவே இறங்கிக்கொண்டிருந்தன. வாட்ஸ்அப்பில் தானாக இறங்குவதை நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. அதை நிறுத்தினோம். ஆப்களைப் புதுப்பிப்பதும் வைஃபை உள்ள இடத்தில் மட்டும் நடக்கும்படி செய்தோம். யூடியூபில் அவர் கேட்கும் கதாகாலட்சேபத்துக்குப் படம் பளிச்சென்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தெளிவைக் குறைத்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 300, 400 எம்.பி.யில் முடியும், பளபளவென்று பார்த்தால் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும். பாகவதர் முகத்தில் என்ன புதிதாகத் தெரியப்போகிறது என்று கேட்டார் பெரியம்மா.

பக்கத்து வீட்டில் வைஃபை இருக்கிறது. அவர்களே பாஸ்வேர்ட் சொல்கிறேன் என்றார்கள். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "உறைமோர் ஒரு நாள் கேட்கலாம். தினம் கேட்டால் மோர்க்காரி ஆகிவிடுவேன்" என்றார்.

என் சொந்த உபயோகமும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். கையால் எழுதுகிறவனுக்கு நெட் எதற்கு? பத்திரிகை ஆபீஸிலிருந்து புரூஃப் வரும். காய்கறிக் கடையில் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு ஆகும் டேட்டா ஒரு கறிவேப்பிலைக் கொத்து. எப்போதாவது ரயில் டிக்கெட். அதனால் பெரியம்மாவுக்காகத் தேடியது எனக்கும் உதவிற்று. 5ஜி என்று ஒன்று 2022 அக்டோபரில் வந்தது. அதை இஷ்டம்போல் உபயோகிக்க வேண்டுமானால் நாளைக்கு 2 ஜி.பி. உள்ள பிளானாவது வாங்க வேண்டும் என்று 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் விதி செய்தன. எங்களைப் போன்றவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

ஆனால் டேட்டாவை எண்ணி முடித்ததும் ஒரு விஷயம் புரிந்தது. சொற்பமாக உபயோகிக்கிறவர்கள் வாங்குவது டேட்டாவையே அல்ல, நாட்களை. இத்தனை நாள் இந்த நம்பர் உயிரோடு இருக்கும் என்ற வாக்குறுதியைத்தான் விலைக்கு வாங்குகிறோம்.

இதற்குப் பூர்வ கதை ஒன்று உண்டு. பெரியம்மா வைத்திருக்கும் நம்பர் பெரியப்பா வாங்கியது. 2005 கடைசியிலும் 2006 ஆரம்பத்திலும் 'லைஃப்டைம்' என்று ஒரு திட்டம் வந்தது. 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுவதும் உள்ளே வரும் கால்களுக்குக் கவலை இல்லை. யாருடைய ஆயுள் என்று பெரியப்பா கடையில் கேட்டாராம், கடைக்காரர் சிரித்தாராம். பெரியப்பா போனார், நம்பர் இருந்தது. 2018 இறுதியில் பெரிய கம்பெனிகள் புது ஏற்பாடு ஒன்று கொண்டுவந்தன. 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தபட்சம் 35 ரூபாய் போட்டால்தான் நம்பர் பேசும் என்றார்கள். அந்த 35, 79 ஆயிற்று, 99 ஆயிற்று, 155 ஆயிற்று. 2024 ஜூலையில் அதுவே 199இல் வந்து நின்றது. போனை உபயோகிக்கிறோமோ இல்லையோ, இது வாசல் வரி மாதிரி.

வரி கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். 2023இல் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாள் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எச்சரிக்கை மெஸேஜ்கள் வந்திருக்கின்றன. படிக்கக் கண் இல்லை. நாள் முடிந்தவுடன் வெளியே கூப்பிடுவது நின்றது. இவர் யாரையும் கூப்பிடவில்லை, அதனால் தெரியவில்லை. மேலும் சில நாளில் உள்ளே வருவதும் நின்றது. யாரும் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். கம்பெனி எதுவானால் என்ன? எல்லோரும் வைத்திருக்கும் விதிதான்.

அந்த நாட்களில் திருவாரூரில் அவருடைய சிநேகிதி, கூட வேலை பார்த்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள், படுத்த படுக்கையாக இருந்திருக்கிறார். சமாசாரம் பெரியம்மாவுக்கு எட்டியபோது பத்தாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

"ரெண்டு தடவை போட்டாளாம்" என்றார் பெரியம்மா. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பி வேறு பக்கம் எடுத்தார்.

ஆகவே நாட்களின் விலையைக் கணக்கிட்டோம். அப்போது, 2024 ஐப்பசியில், கிடைத்த பிளான்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தினசரி விலை போட்டார் பெரியம்மா. நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தரும் 299 ரூபாய் பிளானுக்கு, 28ஆல் வகுத்தால், நாளொன்றுக்கு 10 ரூபாய் 68 காசு. மொத்தமாக 2 ஜி.பி. மட்டும் கொடுத்து 28 நாள் தரும் சின்னப் பிளான்கள் இருந்தன. கடைப் பையன் வாயில் வராத பிளான்கள் இவை. நாமாகக் கேட்டால்தான் வெளியே வரும். ஜியோவில் 189, ஏர்டெல்லிலும் வியிலும் 199. நாளைக்கு 6 ரூபாய் 75 காசு முதல் 7 ரூபாய் 11 காசு வரை. அடுத்தது வருஷக் கணக்கு. ஜியோவில் 24 ஜி.பி.யோடு 1,899 ரூபாய். ஏர்டெல்லில் அதே 24 ஜி.பி.யோடு 1,999.

"100 ரூபாய் குறைச்சலாக இருக்கிறதே, ஜியோவே போடலாமே" என்றேன்.

"நாளைப் படி" என்றார்.

1,899க்கு 336 நாள். அதாவது 28 நாள் மாதங்கள் பன்னிரண்டு. 1,999க்கு 365 நாள். பெரியம்மா பென்சிலை எடுத்தார். 336 நாளுக்கு 1,899 என்றால் 365 நாளுக்கு 2,063. ஆகக் குறைந்த விலை போல் தெரிவது 64 ரூபாய் அதிகம். நாளொன்றுக்கு 5 ரூபாய் 48 காசில் ஏர்டெல்லின் வருஷ பிளான் எல்லாவற்றுக்கும் கீழே வந்து நின்றது. வகுத்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவர்களை நம்பித்தான் இந்த 28, 56, 84, 336 எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். டிராய்க்கும் இதுபோல் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றும், மாதா மாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் வைத்தே தீர வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். எல்லாக் கம்பெனிகளின் கட்டணத்தையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக டிராய் 2018இல் ஓர் இணையப் பக்கமும் திறந்தது.

24 ஜி.பி. ஒரு வருஷத்துக்குப் போதுமா? 28 நாளுக்கு ஏறக்குறைய 1.85 ஜி.பி. வருகிறது. ரோஜாப்பூக்கள் இறங்குவது நின்றால் பெரியம்மாவுக்கு ஒரு ஜி.பி.யே தாராளம். இதில் நடுராத்திரிக் கெடு கிடையாது; இன்று செலவழிக்காதது நாளைக்கு இருக்கும். பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கம்பெனியை மாற்ற வேண்டியிருந்தது. நம்பரை விடாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, நம்பரை எழுதி 1900க்கு அனுப்பினால் ஒரு கோடு வரும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கடைக்குப் போனால் போதும். ஆனால் எடுத்த எடுப்பில் 1,999 கட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். வருஷப் பணத்தைக் கட்டிவிட்டு, கூடத்தில் மட்டும் எடுக்கிறது, அடுக்களையில் எடுக்கவில்லை என்று கம்பெனியை விட்டு வந்தால், மிச்ச நாட்களுக்குப் பணம் திரும்பாது. பழைய வீட்டுச் சுவர்கள் இரண்டடி கனம். விலை உயர்ந்த அந்த ஜூலையில், உயர்த்தாத பி.எஸ்.என்.எல்.லுக்கு எத்தனையோ பேர் மாறினார்கள். பெரியம்மாவுக்கும் அந்த ஆசை இருந்தது. எதிர்வீட்டு வாத்தியார் தம் பி.எஸ்.என்.எல். போனைக் கொண்டுவந்து காட்டினார். திண்ணையில் பேசிற்று, கூடத்தைத் தாண்டவில்லை. உங்கள் தெருவில் வேறு மாதிரி இருக்கலாம். போனை வாங்கி, வீட்டின் உள்மூலையில் நின்று, ஒரு தடவை பேசிப் பார்ப்பதைவிடப் பெரிய ஆராய்ச்சி இதற்கு வேண்டியதில்லை.

புதுக் கம்பெனியில் முதலில் 199க்கு 28 நாள் போட்டுப் பார்த்தார். அடுக்களை, பூஜை அறை, கொல்லைக் கிணற்றடி என்று மூன்று இடங்களிலும் பேசிப் பார்த்து, நோட்டில் 'கேட்கிறது' என்று மூன்று டிக் போட்ட பிறகுதான் வருஷத்துக்குக் கட்டினார். முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். எனக்கும் ஒரு பிரதி வந்தது.

ஜனவரி மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"பேப்பர் பார்த்தாயா? நெட்டே இல்லாமல் பேச மட்டும் பிளான் போட்டிருக்கிறார்களாம்."

பார்த்திருந்தேன். டேட்டா வேண்டாதவர்கள் தலையில் அதைக் கட்டக் கூடாது, பேச்சுக்கும் மெஸேஜுக்கும் மட்டும் தனி பிளான் வைக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. அதன்படி ஜனவரியில் பிளான்கள் வந்தன. முதலில் அறிவித்த விலையைச் சில நாளிலேயே குறைத்தார்கள். அதற்கப்புறம் ஏர்டெல்லில் 365 நாளுக்கு 1,849.

"நாம் 1,999க்கு 24 ஜி.பி.யோடு போட்டோம். இப்போது நெட்டே இல்லாமல் 1,849. அப்படியானால் 24 ஜி.பி.யின் விலை என்ன?"

"150 ரூபாய், பெரியம்மா."

"ஒரு ஜி.பி. ஆறேகால் ரூபாய். அதைத்தானே இவ்வளவு நாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்!"

பட்டன் போனே போதும் என்றிருப்பவர்கள்கூட இதைக் கவனிக்க வேண்டும். டேட்டாவைத் துறந்தால் பெரிய மிச்சம் வரும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். நாட்களுக்குத்தான் விலை.

இவ்வளவும் 1,999 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்கக் கூடியவர்கள் சமாசாரம். திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் அம்மாளிடமும் டச்சு போன் இருக்கிறது. பையனுடைய பள்ளிக்கூடத்துச் செய்திகள் அதில்தான் வரும்; அவனுக்கு நோட்ஸும் அதில்தான். அவர் ஒவ்வொரு 28 நாளுக்கும் 199 போடுகிறவர். பதின்மூன்று தடவைக்கு 2,587 ரூபாய். பெரியம்மாவைவிட 588 ரூபாய் அதிகம். கையில் பணம் இல்லாத வாரத்தில் இரண்டு மூன்று நாள் போன் ஊமையாகிவிடும்; பிறகு எங்காவது கைமாற்று வாங்கிப் போடுவார். கையில் காசு உள்ளவருக்கு நாள் ஐந்தரை ரூபாய், இல்லாதவருக்கு ஏழு. மூட்டையாக அரிசி வாங்குகிறவருக்கும் படியாக வாங்குகிறவருக்கும் உள்ள பழைய வித்தியாசம்தான். ஆனால் அரிசிக் கடைக்காரர் கடன் சொன்னால் எழுதிக்கொள்வார். கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

பெரியம்மா இதையும் நோட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று பொங்கலுக்குப் போனபோது தெரிந்தது. பூக்காரம்மாவை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்.

"உனக்கும் அதே கம்பெனிதானே? வருஷத்துக்கு நான் போட்டுவிடுகிறேன். வாரத்துக்கு 40 ரூபாய் பூக்கணக்கில் கழித்துக்கொள்கிறேன்."

"ஒரேயடியா அவ்வளவு போட்டா, நடுவுல போன் கெட்டுப்போச்சுன்னா என்னா பண்றது டீச்சரம்மா?"

"போன் கெட்டால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள். நம்பர்தானே வேண்டும்?"

பூக்காரம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாராம். கம்பெனி மேல் சந்தேகமா, டீச்சரம்மா மேல் சந்தேகமா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் நியாயமே. வருஷ பிளான் அதற்குள் எப்படி எப்படியோ மாறியிருக்கப் போகிறது என்று நான் பயந்தேன். பெரியம்மா பயப்படவில்லை. பூக்காரம்மாவின் பையனுக்கு நெட் வேண்டும் என்று டிசம்பரிலேயே, 1,999 இருக்கும்போதே, போட்டு முடித்துவிட்டார்.

நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது. மேலே 'பூ - செல்போன்' என்று தலைப்பு. கீழே ஒன்று முதல் ஐம்பது வரை எண்கள், எதிரே வாராவாரம் 40, 40 என்று ஏறிக்கொண்டு வருகிறது. ஐம்பதாவது வரிக்கு மட்டும் 39 என்று இப்போதே எழுதி வைத்துவிட்டார்.

"ஐம்பது நாற்பது ரெண்டாயிரம். ஒரு ரூபாய் கூட வந்துவிடும், தம்பி" என்றார்.